கார் ஷெட் தரைக்கு எபாக்சி பூச்சு: ஓரத்தில் தொடங்குகிற முழு வழிகாட்டி

எபாக்சி என்பது பிசினையும் அதை இறுக்கும் ஹார்டனரையும் கலந்து பூசுகிற கெட்டியான பூச்சு. எங்கள் வீட்டு கார் ஷெட்டுக்கு முதல் முறை அதைப் போட்டபோது நடுத்தரை கண்ணாடி மாதிரி வந்தது. ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஷட்டர் விழும் இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் எழுந்து நின்றது. தை பிறப்பதற்குள் அது ஒரு முழம் உள்ளே வந்துவிட்டது. சுவரோரத்தில் நகத்தால் நெம்பினாலே துண்டு துண்டாகக் கையோடு வந்தது. நடுவில் மட்டும் சுத்தியால் தட்டினாலும் அசையவில்லை.

எங்கள் வீட்டைக் கட்டிய வயசான கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் நடுத்தரையைப் பார்க்கவே இல்லை. ஓரத்தில் குத்த வைத்து உட்கார்ந்தார். “நடுவால என்னத்தைங்க பார்க்கறீங்க? ஓரத்தைப் பாருங்க. தண்ணி ஓரத்துலதானுங்க பூரும்” என்றார். உரிந்த தோலைத் திருப்பிக் காட்டினார். அடியில் சாம்பல் நிறத்தில் மாவு அப்பியிருந்தது. எபாக்சி தன் பிடியை விடவில்லை, மேல்மாவுதான் தரையை விட்டிருக்கிறது. பூசுவதற்கு முன் தரை தேய்க்கும் மிஷின் போய்த் தேய்த்த நடுப்பகுதியில் அந்த மாவு இல்லை. மிஷின் போகாத ஓரத்தில் அப்படியே கிடந்தது.

அதற்குப் பிறகு முழுவதையும் சுரண்டி எடுத்து மறுபடி செய்தோம். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். 12 அடிக்கு 20 அடி, மூன்று பக்கம் சுவர், முன்னால் ஷட்டர் என்று ஒரு சாதாரண ஷெட்டைக் கணக்காக வைத்துக்கொள்கிறேன். உங்களுடையது திறந்த போர்ட்டிகோவாக இருந்தாலும் வேலை முறை இதேதான். வெயில் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும்.

தரை தயாரா என்று பாருங்கள்

புதுக் கான்கிரீட் என்றால் போட்ட நாளிலிருந்து 28 நாள் கழியட்டும். வீட்டுக்காரருக்கு அவசரம், பெயிண்டருக்கும் அவசரம். தரைக்கு எந்த அவசரமும் இல்லை. பழைய தரை என்றால் வயசு பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை. தரைக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்காமல் கான்கிரீட் போட்டிருந்தால் மண்ணின் ஈரம் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். எபாக்சி அந்த ஈரத்துக்கு வழி விடாது. அதனால் பூச்சு கொப்பளமாகக் கிளம்பும்.

சோதிக்கும் முறை எளிது. ஒன்றரை அடிச் சதுரமாகத் தடித்த பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டித் தரையில் விடுங்கள். குறைந்தது 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஷீட்டின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, தரை அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். நடுவில் ஒன்று, சுவரோரத்தில் இரண்டு, ஷட்டர் பக்கம் ஒன்று என நான்கு இடத்தில் செய்யுங்கள். எங்கள் வீட்டில் நடு காய்ந்திருந்தது. தோட்டத்துப் பக்கச் சுவரோரம்தான் வேர்த்திருந்தது. அந்தச் சுவருக்கு வெளியே தினமும் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தோம்!

நம் பக்கம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரில் கலந்து, அதிலேயே நனைத்த கான்கிரீட்டில் ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதைத் துடைத்துவிட்டு மேலே பூசினால் பூச்சுக்குப் பின்னால் உப்பு மறுபடி பூத்து அதைத் தள்ளும். உப்பைக் கொண்டு வருவது ஈரம்தான். ஆகவே ஈரம் வரும் வழியை முதலில் அடைத்துவிடுங்கள். வெளியே நீர் தேங்கும் இடத்தைச் சரிசெய்து சில வாரம் காயவிட்டு, மறுபடி ஷீட் சோதனை செய்யுங்கள். அப்போதும் வேர்த்தால் ஈரம் தாங்கும் எபாக்சி பிரைமர் (முதலில் போடும் அடிப்பூச்சு) போட வேண்டும். இல்லாவிட்டால் எபாக்சியையே விட்டுவிட்டு, கான்கிரீட்டுக்குள் ஊறி அதைக் கெட்டிப்படுத்தும் சிலிகேட் திரவம் அடிக்கலாம். அதில் பளபளப்பும் நிறமும் கிடைக்காது, ஆனால் உரியாது. ஈரம் ஏறுகிற தரைக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

எந்த மாதம்

மாசி, பங்குனி முற்பாதி. காரணத்தைச் சொல்கிறேன். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரைக்கும் புழுதியை வாரிக்கொண்டு வரும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால், காயாத எபாக்சி மேல் என்னவெல்லாம் வந்து ஒட்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை. மார்கழியில் பனி இறங்கும். தரை குளிர்ந்து காற்றின் ஈரம் அதன் மேல் படியும். தரையின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எபாக்சி மேல் வெளுத்த பிசுக்கு ஒன்று படரும், அடுத்த கோட் அதன் மேல் பிடிக்காது. சித்திரையில் தரை கொதிக்கும், கலவை வாளியிலேயே இறுகிவிடும்.

பொங்கலுக்குள் முடித்தாக வேண்டும் என்று மார்கழியில் ஆரம்பிப்பவர்கள் நிறையப் பேர். பொங்கல் முடியட்டும். தை கடைசியில் சுரண்டும் வேலையைத் தொடங்கினால் மாசியில் பூசிவிடலாம்.

சுரண்டுவது

முதலில் எண்ணெய்க் கறை. என்ஜின் ஆயில் சொட்டிய இடத்தைத் தேய்ப்பதற்கு முன்பே எண்ணெய் நீக்கும் சோப்புத் திரவத்தால் கழுவ வேண்டும். அப்படியே மிஷின் விட்டால் எண்ணெய் தரை முழுக்கப் பரவும். கழுவிய பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் தரை குடித்துவிட்டால் சரி. சேம்பிலை மேல் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது.

அப்புறம் அந்த மேல்மாவு. கான்கிரீட்டை மட்டப்பலகை போட்டுத் தேய்க்கும்போது சிமெண்ட் பால் மேலே மிதந்து வந்து படியும். காய்ந்ததும் அது வலுவில்லாத மெல்லிய மாவுப்படலம். மேலே சிமெண்ட் தூவி மெழுகிய தரையில் அது இன்னும் கனமாக இருக்கும். அது முழுவதும் போய், கை வைத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு வர வேண்டும்.

ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதும் என்று பலர் சொல்வார்கள். நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டின் புகை ஷட்டரையும் வண்டியையும் துருப்பிடிக்க வைக்கும், சரியாகக் கழுவாவிட்டால் தரையில் உப்பு தங்கும், கழுவிய தண்ணீர் தென்னை வேருக்குப் போகும். முக்கியமாக, சுவரோர இடுக்கில் ஆசிட் ஊறினால் அதைக் கழுவி எடுக்க வழியில்லை. வேறு வழியே இல்லாமல் பயன்படுத்தினால் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே இருக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கடைசியில் ஆப்ப சோடா கலந்த தண்ணீரால் கழுவிவிட்டு, நல்ல தண்ணீரால் மூன்று நான்கு முறை அலச வேண்டும்.

டைமண்ட் கிரைண்டிங், அதாவது வைரத்துகள் பதித்த சக்கரத்தால் தேய்ப்பதுதான் சரியான வழி. கோவைச் சுற்று வட்டாரத்தில் மோட்டார், பம்ப் பட்டறைகளுக்குத் தரை போடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் விசாரித்தால் தரை தேய்க்கும் மிஷினை ஆளோடு ஒரு நாளுக்கு அனுப்புவார்கள். தூசியை உறிஞ்சும் வேக்குவம் இணைத்த மிஷினாகக் கேளுங்கள். கான்கிரீட் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்ப வெளியே வராது. துண்டைக் கட்டிக்கொண்டு தேய்க்க வேண்டாம், என்95 முகமூடியாவது போடுங்கள். வேலை செய்பவருக்கும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

ஓரங்கள்

பெரிய மிஷின் சுவரை ஒட்டிப் போகாது. இரண்டு மூன்று அங்குலம் எப்போதும் விட்டுப்போகும். முக்குகளில் இன்னும் அதிகம். இந்தப் பட்டையைத்தான் எல்லோரும் கம்பி பிரஷால் நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் போகிறார்கள். ஆங்கிள் கிரைண்டரில் டைமண்ட் கப் வீல் மாட்டி, குத்த வைத்து உட்கார்ந்து, சுற்றிலும் கையால் தேய்க்க வேண்டும். வீல் நுழையாத முக்குக்கு உளியும் 40 நம்பர் உப்புத்தாளும். எங்கள் ஷெட்டில் நடுவைத் தேய்க்க மிஷினுக்கு ஆன நேரத்தைவிட ஓரத்துக்குத்தான் அதிக நேரம் ஆனது. அப்படித்தான் ஆக வேண்டும்.

சுவரின் அடிப்பகுதியில் 4 அங்குல உயரத்துக்கு டிஸ்டம்பர், பட்டி எல்லாவற்றையும் சிமெண்ட் பூச்சு தெரியும் வரை சுரண்டுங்கள். பூச்சு சுவரில் ஏறி நிற்க வேண்டியது அங்கேதான். டிஸ்டம்பர் மேல் எபாக்சி பூசினால் டிஸ்டம்பரோடு சேர்ந்து விழும்.

இப்போது சுவரும் தரையும் சேரும் மூலை. இங்கே மண்ணைப் பொறுத்து வேலை மாறும். காங்கேயம் பக்கத்துச் செம்மண் சரளை மேல் போட்ட தரை பெரும்பாலும் அசையாது. கரிசல் மண் அப்படியில்லை. மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். தரை ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம் என்று அசையும். மூலையில் ஒரே சீராக வெடிப்பு ஓடியிருந்தால், அதுவும் கோடையில் அகன்று மழையில் சுருங்கினால், அங்கே கெட்டியான எதையும் வைக்காதீர்கள். வெடிப்பைச் சுத்தம் செய்து, நுரைக் கயிற்றை உள்ளே அழுத்தி, மேலே பாலியூரித்தேன் சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) போடுங்கள். அது ரப்பர் போல இழுத்துக் கொடுக்கும். தரைப் பூச்சு சீலண்ட் வரை வந்து நிற்கட்டும். சுவர்ப் பட்டை தனியாக மேலே இருக்கட்டும்.

அசையாத மூலை என்றால் அதைக் குழிவாக்கிவிடுங்கள். செங்குத்து மூலையில் பூச்சு இழுபட்டு மெலிந்து போகும், அழுக்கும் சேரும். குழிவாக இருந்தால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓடும், விளக்குமாறும் நன்றாகப் போகும். கலந்த எபாக்சி ஒரு பங்குக்குக் காய்ந்த சுத்தமான சிலிக்கா மணல் நான்கைந்து பங்கு சேர்த்துப் பிசையுங்கள். புட்டு மாவுப் பதம்: பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் வழியக் கூடாது. இரும்பு வார்க்கும் பவுண்டரிகளுக்கு வரும் சிலிக்கா மணலில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாததை வாங்குங்கள். ஆற்று மணலும் எம்-சாண்டும் வேண்டாம், அவற்றில் ஈரமும் தூசியும் இருக்கும்.

மூலையில் முதலில் பிரைமர் தடவி, அது பிசுபிசுக்கும்போதே இந்தக் கலவையை வைத்து அழுத்துங்கள். வடிவம் கொடுக்க 2 அங்குல பிவிசி பைப் ஒரு துண்டு போதும். அதன் மேல் பேக்கிங் டேப் சுற்றிவிட்டால் எபாக்சி ஒட்டாது. பைப்பை மூலையில் படுக்க வைத்து இழுத்தால் ஏறத்தாழ 1 அங்குல ஆரத்தில் அழகான குழிவு வரும். நம் கணக்கு ஷெட்டில் மூன்று சுவரும் சேர்ந்து 52 அடி. இந்தக் குழிவுக்கு 2 லிட்டருக்குச் சற்று கூடுதலான கலவை ஆகும். சிந்தல் சேர்த்து 3 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷட்டர் ஓரத்துக்கு வருவோம். எங்கள் முதல் பூச்சு உரிந்தது இங்கேதான் ஆரம்பித்தது. இந்த முனையில் பூச்சு மெல்லியதாகத் தேய்ந்து முடியும். அந்த மெல்லிய விளிம்பில் டயர் ஏறி இறங்கும், மழைத் தண்ணீர் வந்து முட்டும். விளிம்பைக் காற்றில் விடாமல் தரைக்குள் புதைத்துவிட வேண்டும். பூச்சு முடிய வேண்டிய கோட்டைச் சாக்பீஸால் போட்டு, ஆங்கிள் கிரைண்டரால் 5 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நேராக ஒரு காடி வெட்டுங்கள். எபாக்சி அந்தக் காடிக்குள் இறங்கி நிரம்பி நிற்கும். பிறகு உரிய ஆரம்பிக்க விளிம்பே கிடையாது.

அந்தக் கோடு எங்கே? ஷட்டரை மூடினால் அதன் அடிப்பட்டைக்குக் கீழே மறைகிற இடத்தில். ஷட்டருக்கு வெளியே பூச்சு நீண்டால் வெயில் படும். எபாக்சி வெயிலில் மஞ்சளாகி மாவு விடும். தரை வாட்டம் வெளிப்பக்கம் இருக்கிறதா என்றும் அப்போதே ரசமட்டம் வைத்துப் பாருங்கள். உள்வாட்டமாக இருந்தால் ஷட்டருக்கு வெளியே ஒரு சிறு வாய்க்கால் எடுத்தாலொழிய இந்த ஓரம் நிற்காது.

ஷட்டர் வாய்க் கான்கிரீட் பெரும்பாலும் உடைந்து பல் போயிருக்கும். உடைந்ததை அப்படியே மெழுகி நிரப்பினால் மெல்லிய ஓரம் மறுபடி பொரிந்துவிடும். உடைந்த பகுதியைச் சுற்றி 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, குழிவுக்குச் செய்த அதே எபாக்சி மணல் கலவையால் நிரப்புங்கள். முன்னால் ஒரு பலகையை அணை கொடுத்தால் முனை கூர்மையாக வரும். கேட் தாழ்ப்பாள் இறங்கும் குழி இருந்தால் அதற்குள் ஒரு சின்னப் பைப்பைப் பதித்து, பூச்சைப் பைப் விளிம்பு வரை கொண்டுவாருங்கள். அந்தக் குழி வழியாகத் தண்ணீர் பூந்து சுற்றிலும் உரித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தரை நடுவில் உள்ள மயிரிழை வெடிப்புகளை வி வடிவில் கீறி எபாக்சி பட்டி பார்த்தால் போதும்.

எவ்வளவு வாங்குவது

ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்றினால் 1 மில்லிமீட்டர் கனம். இதை மட்டும் நினைவில் வைத்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. நம் ஷெட் 240 சதுர அடி, சுவரில் ஏறும் 4 அங்குலப் பட்டையும் சேர்த்தால் சுமார் 24 சதுர மீட்டர். பிரைமர் தேய்த்த தரையில் நன்றாக இறங்கும், அதற்கு 5 லிட்டர். கரைப்பான் கலக்காத எபாக்சி 250 மைக்ரான் (கால் மில்லிமீட்டர்) கனத்துக்கு ஒரு கோட் 6 லிட்டர், இரண்டு கோட்டுக்கு 12. வெயில் படும் ஷெட்டுக்கு மேலே ஒரு பாலியூரித்தேன் கோட், சுமார் 3 லிட்டர். தின்னரோ தண்ணீரோ கலந்து வரும் எபாக்சியில் பாதி ஆவியாகிப் போகும் என்றால் காய்ந்த கனமும் பாதிதான். விலையை ஒப்பிடும்போது டப்பாவின் லிட்டரைப் பார்க்காமல், காய்ந்த பிறகு எத்தனை மைக்ரான் நிற்கும் என்று கேளுங்கள்.

பூசுவது

சாயங்காலம் 4 மணி வாக்கில் தொடங்குங்கள். காலையில் தரை சூடேறிக்கொண்டே போகும். கான்கிரீட்டின் நுண்துளைகளில் உள்ள காற்று விரிந்து, பூச்சின் வழியே குமிழாக வெளியே வரும். சூடு இறங்கும் நேரத்தில் அது உள்ளே இழுபடும், பூச்சும் கூடவே துளைக்குள் இறங்கும். ஆனால் இருட்டிப் பனி விழும் முன் பிசுபிசுப்பு அடங்க வேண்டும், ஆகவே ரொம்பத் தாமதிக்கவும் கூடாது.

பிசினும் ஹார்டனரும் டப்பாவில் சொன்ன விகிதத்தில், அளந்து, கண் மதிப்பு இல்லாமல். மெதுவாகச் சுற்றும் டிரில்லில் கலக்கும் கம்பியை மாட்டி மூன்று நிமிடம். வாளி ஓரத்தில் கலக்காத பிசின் ஒட்டியிருக்கும், வேறு வாளிக்கு மாற்றி இன்னொரு நிமிடம் கலக்குங்கள். கலந்ததை வாளியிலேயே வைத்திருந்தால் தன் சூட்டில் தானே கொதித்து இறுகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் கையில் இருக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். உடனே தரையில் பட்டையாக ஊற்றிவிடுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கலக்காமல், 3 லிட்டர் 3 லிட்டராகக் கலப்பது நல்லது.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் 3 அங்குலப் பிரஷால் சுவர்ப் பட்டை, குழிவு, காடி எல்லாவற்றையும் பூசிக்கொண்டு போக, அடுத்தவர் பின்னாலேயே ரோலரோடு வர வேண்டும். ஓரத்தை எல்லாம் முடித்துவிட்டு அப்புறம் நடுவுக்கு வரலாம் என்றால் ஓரம் இறுகிவிடும், சுற்றிலும் சட்டம் போட்ட மாதிரி கோடு தெரியும். பின் சுவரில் தொடங்கி ஷட்டரில் முடியுங்கள்.

பிரைமர் காய்ந்து 24 மணி நேரத்துக்குள் முதல் கோட், அதற்குப் பிறகு அதே இடைவெளியில் அடுத்தது. தாமதமானால் உப்புத்தாள் போட்டு மங்கலாக்கித் துடைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு பூச வேண்டும். முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே ஷட்டர் பக்கம் மூன்றடிக்குச் சிலிக்கா மணலைக் கோலமாவு தூவுகிற மாதிரி தூவுங்கள். மழையில் நனைந்த செருப்போடு பெரியவர்கள் முதல் அடி வைப்பது அங்கேதான்.

சுவரில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் இறுகும் முன், பிசுக்கு இருக்கும்போதே சாய்வாக இழுத்து எடுங்கள். மறுநாள் எடுத்தால் பூச்சையும் பிய்த்துக்கொண்டு வரும். கையில் நைட்ரைல் கையுறை கட்டாயம். தோலில் பட்டால் தின்னரால் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஹார்டனர் ஒவ்வாமை ஒரு முறை வந்துவிட்டால் பிறகு அதன் பக்கம் போனாலே அரிக்கும்.

அதற்குப் பிறகு

24 மணி நேரத்தில் நடக்கலாம். காரை 7 நாள் வெளியே நிறுத்துங்கள். நெடுந்தூரம் ஓடி வந்த சூடான டயர், முழுக்க இறுகாத பூச்சை இளக்கிவிடும். ஆறும்போது சுருங்கி அதைப் பிய்த்து எடுக்கும். டயர் நிற்கும் நான்கு இடத்தில் வட்டம் வட்டமாகப் போன தரைகள் அப்படிப் போனவைதான்.

ஆயுத பூசைக்குத் தரையில் ஆரத்தி கொட்டினால் அன்றே துடைத்துவிடுங்கள். வெளிர் நிறப் பூச்சில் மஞ்சள் கறை பிடிக்கும். ஷட்டரைத் திறந்து வெயில் பட விட்டால் அந்தக் கறை நாளாவட்டத்தில் மங்கும். குங்குமம் அப்படிப் போகாது. பூசணிக்காயை ஷட்டருக்கு வெளியே உடைப்பது நல்லது.

வருடத்துக்கு ஒரு முறை, புரட்டாசியில், மழைக்கு முன் ஷட்டர் காடியையும் சுவர்க் குழிவையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்காவது நகம் நுழையும் இடம் தெரிந்தால், இளகிய பகுதியை பிளேடால் கெட்டியான இடம் வரை வெட்டி எடுத்து, சுற்றிலும் ஒரு அங்குலம் உப்புத்தாள் தேய்த்து, 100 மில்லி கலந்து அன்றைக்கே அடைத்துவிடுங்கள். மிஞ்சிய பிசினையும் ஹார்டனரையும் மூடி இறுக்கி நிழலில் வைத்திருந்தால் இந்த வேலைக்கு உதவும்.